அளவு வளையலும் ஒயர் கூடையும்

உறவில் ஒரு திருமணத்துக்காகச் சென்ற தை மாதம் பட்டு நூல் வளையல் எட்டு வாங்கினேன். விற்றவர் தருமபுரிப் பக்கம் ஒரு சிற்றூரில் வீட்டிலிருந்தபடியே நூல் சுற்றி வளையல் செய்பவர். புடவை முந்தானையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினால், அதற்கு இசைந்த நூலைத் தேடிப் பிடித்துச் சுற்றித் தருவார். அளவு கேட்டார். நான் என் பழைய கண்ணாடி வளையல் ஒன்றைப் பள்ளிக்கூட ஸ்கேலின் மேல் வைத்து உள்விட்டம் பார்த்தேன். இரண்டு அங்குலத்தைத் தாண்டி, இரண்டரைக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. ஆக 2.4 என்று முடிவு செய்து அனுப்பிவிட்டேன். பத்தாம் நாள் பெட்டி வந்தது. மயில் கழுத்து நிறமும் கல் ஒட்டிய நேர்த்தியும் படத்தில் பார்த்ததைவிட நன்றாகவே இருந்தன. ஆனால் வளையல் விரல் கணுவைத் தாண்டவில்லை. கண்ணாடி வளையலென்றால் சோப்பு நுரை போட்டு ஏற்றலாம். பட்டு நூலை நனைக்க முடியாது. அண்ணி கையில் வாங்கி ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உன் கைக்குப் போவாது" என்று சொல்லி மூடியைப் போட்டுவிட்டார்.

பிழை முழுவதும் என்னுடையது. வளையல் அளவில் புள்ளிக்குப் பின் வரும் எண் தசமம் அன்று. அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் எத்தனை பங்கு என்பது அதன் பொருள். 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கும், அதாவது இரண்டேகால் அங்குலம், மில்லிமீட்டரில் ஏறக்குறைய 57. நான் ஸ்கேலில் பார்த்த 2.4 அங்குலமோ ஏறக்குறைய 61 மில்லிமீட்டர். அதற்கு நெருங்கிய வளையல் அளவு 2.6. இதே கணக்கில் 2.8 என்பது சரியாக இரண்டரை அங்குலம், 2.10 என்பது அதைவிடப் பெரியது. தசமமாகப் படிக்கிறவர்கள் 2.10-ஐ இருப்பதிலேயே சிறிய அளவென்று நினைத்துச் சிறுமிகளுக்கு வாங்கிவிடுவதும் உண்டு. பிறந்தது முதல் வளையல் போட்டுவரும் எனக்கே இது தெரியாமல் போனதற்குக் காரணம், வண்ணாரப்பேட்டைக் கடைகளில் நான் ஒரு நாளும் அளவைச் சொல்லி வாங்கியதில்லை என்பதுதான். வளையல்காரர் கையைப் பிடித்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். அளவு அவருடைய கண்ணில் இருந்தது.

இணையத்தில் சிறு கைவினைஞர்களிடம் வாங்குவதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன் என்பதுதான். நாங்கள் இருப்பது வடசென்னையில் தண்டையார்பேட்டை. அண்ணி ஒயர் கூடை பின்னுகிறார். நான் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு மாலையில் வீடு திரும்பியதும், அவருடைய வாட்ஸ்அப் கணக்குக்கு வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும், முகவரிகளைச் சரிபார்ப்பதும், பொதிகளைக் கூரியர் கடையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஐந்து ஆண்டுகளாக என் பொறுப்பு. இந்த ஐந்து ஆண்டுகளில் வந்த மனத்தாங்கல்களை எண்ணிப் பார்த்தால், ஏமாற்று என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. வாங்குபவர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்காமல் விட்டதும், செய்பவர் ஒன்றை வழக்கமென்று எண்ணிச் சொல்லாமல் விட்டதுமே பெரும்பாலானவற்றுக்கு வேர்.

இதைத் தவிர்க்க நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பழக்கம் போதும். தெருவில் உள்ள தையல்காரரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? அளவு ரவிக்கை கொடுக்கிறோம். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், உள்துணி வேண்டுமா, எந்தத் தேதிக்கு வேண்டும், கூலி எவ்வளவு என்பதை நின்று பேசி முடித்த பிறகுதான் துணியை விட்டுவிட்டு வருகிறோம். அதே நாம், கைப்பேசியில் ஓர் அழகான படத்தைக் கண்டதும், முகம் தெரியாத ஒருவர் நம் மனத்தில் இருப்பதை அப்படியே செய்து அனுப்புவார் என்று நம்பிப் பணத்தைப் போட்டுவிடுகிறோம். பெரிய நிறுவனங்களின் செயலிகளில் ஒரே அச்சில் வார்த்த பொருள்களை வாங்கி வாங்கி வந்த பழக்கம் இது. கையால் செய்பவரிடம் வாங்குவது தைக்கக் கொடுப்பதற்கே நெருக்கமானது.

இந்த முறை எங்கள் பகுதிக்குப் புதியதும் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை அந்தப் பெயரைப் பெற்றது. திருவொற்றியூரில் உள்ள காலடிப்பேட்டை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் பெயரில் நெசவாளர்களுக்காக ஏற்பட்ட குடியிருப்பு. காலெட் பேட்டை என்பதே மருவிக் காலடிப்பேட்டை ஆயிற்று. அந்நாளில் கம்பெனி வணிகர்கள் வழியாக முன்பணம் கொடுத்து, மாதிரித் துணியைக் காட்டி நெய்யச் சொல்லி, வந்த துணியை மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்தது. மாதிரிக்குக் குறைந்த துணியை ஒதுக்குவது பற்றி அன்றும் ஓயாத வழக்குத்தான். முன்பணம், மாதிரி, ஒப்பீடு ஆகிய மூன்றும் இன்றும் அப்படியே இருக்கின்றன. மாதிரித் துணியின் இடத்தில் ஒரு புகைப்படம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

புகைப்படத்தில் அளவு தெரியாது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வெள்ளைத் துணியின் மேல் வைத்து எடுத்த கூடை, காய்கறி வாங்கும் கூடையாகவும் இருக்கலாம், நவராத்திரிக்கு வெற்றிலைப் பாக்கு வைத்துக் கொடுக்கும் கையடக்கக் கூடையாகவும் இருக்கலாம். அண்ணியின் கூடைகளை நாங்கள் இப்போது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படம் எடுக்கிறோம். வாங்குபவர் கேட்க வேண்டியது அடிப்பாகத்தின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் அங்குலத்தில். கூடவே கைப்பிடி எவ்வளவு உயரம் என்பதையும். கைப்பிடியை எவரும் கேட்பதில்லை. தோளில் மாட்டிக்கொள்ள நினைத்து வாங்கிவிட்டு, கையில்தான் தூக்க முடிகிறது என்று வருந்தி எழுதியவர்கள் எங்களுக்கே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். இதைவிட எளிய வழியும் உண்டு: உள்ளே எதை வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். மூன்றடுக்குச் சாப்பாட்டு கேரியரும் ஒரு தண்ணீர் பாட்டிலும் நிற்க வேண்டும் என்று சொன்னால், பின்னுபவருக்கு அங்குலக் கணக்கைவிட அது தெளிவாகப் புரியும்.

நிறத்தைப் பொறுத்தவரை, எவ்வளவு கேட்டாலும் சிறு வேறுபாடு இருக்கவே செய்யும். திரைக்குத் திரை நிறம் மாறும்; மின்விளக்கில் எடுத்த படத்தில் அரக்கும் மெரூனும் ஒன்றுபோலத் தெரியும். வெயிலிலும் நிழலிலும் எடுத்த இரண்டு படங்கள் கேளுங்கள். சாயம் போகுமா என்று துணி விற்பவரிடம் கேட்பதற்கு எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. நேர்மையான விற்பனையாளர் முதல் இரண்டு முறை தனியாக அலசச் சொல்வார்.

அடுத்தது விலை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளில் சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்கிப் பழகிய நாக்கு நம்முடையது, எனக்கும் அப்படித்தான். ஆனால் கடைக்காரரின் விலையில் பேரத்துக்கென்று ஒரு இடம் முன்கூட்டியே விடப்பட்டிருக்கும். வீட்டில் செய்பவரின் விலையில் பெரும்பாலும் அது இருக்காது. அண்ணி 550 ரூபாய்க்கு விற்கும் நடுத்தரக் கூடையின் கணக்கைச் சொல்கிறேன். அதற்கு மூன்று கட்டு ஒயர் போகிறது. கைப்பிடிக்குள் வைக்கும் குழாய், அடியில் வைக்கும் குமிழ், பொதி கட்டும் அட்டைப்பெட்டி, நாடா எல்லாவற்றின் செலவும் போகக் கைக்கு நிற்பது 250 ரூபாய்க்குச் சற்று மேல். சாதா முடிச்சென்றால் சமையலுக்கும் குழாயடிக்கும் நடுவில் இரண்டு நாளில் முடித்துவிடுவார். சிவன் கண்ணோ நெல்லிக்காய் முடிச்சோ கேட்டால் மூன்று நான்கு நாள் ஆகும், ஒயரும் கூடுதலாக இழுக்கும். படத்தில் பார்க்கிறவருக்கு மூன்றும் கூடைதான். விரல் நுனி காய்த்துப்போவது பின்னுகிறவருக்குத்தான் தெரியும். பேரம் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "என்னிடம் 400 ரூபாய்தான் இருக்கிறது, அதற்குள் என்ன செய்ய முடியும்?" என்று கேளுங்கள். சற்றுச் சிறிய கூடையோ எளிய முடிச்சோ சொல்வார்கள். "இது வெளியில் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறதே" என்று தொடங்கும் செய்திக்கு நான் பதிலே எழுதுவதில்லை. கிடைக்கும் இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

விலையைவிட அதிகக் கசப்பை உண்டாக்குவது கூரியர் கட்டணம். "அரைக் கிலோகூட இல்லாத கூடைக்கு இவ்வளவா, நீங்கள் இடையில் சம்பாதிக்கிறீர்கள்" என்று நேரடியாகவே கேட்டவர்கள் உண்டு. இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் பொதியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்ளும். நிறுத்த எடை, இந்த எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். 30, 15, 25 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கூடையை எடுத்துக்கொண்டால் பெருக்கத் தொகை 11,250, வகுத்தால் 2.25 கிலோ. தராசில் 600 கிராம்கூட வராத பொருளுக்கு இரண்டேகால் கிலோவின் கட்டணம் விழுவது இப்படித்தான். காற்றைப் பொதிந்து அனுப்புவதற்கும் காசு.

இதற்கு ஒரு மாற்று உண்டு, விற்பவர்கள் எல்லோரும் அதைத் தாமாகச் சொல்வதில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி பெரியதும் சிறியதுமாக இரண்டு கூடை கேளுங்கள். பொதியின் அளவு மாறாது என்பதால் கட்டணமும் அநேகமாக மாறாது. தோழியோடு சேர்ந்து வாங்கினால் இருவருக்கும் பாதிப் பாதி. கூடையை அமுக்கி அனுப்பச் சொல்லலாமே என்று சிலர் கேட்பார்கள். அனுப்பலாம், ஆனால் மூலைகள் மடிந்து வரும், உள்ளே பழைய துணியைத் திணித்துச் சில நாள் வைத்தால்தான் நிமிரும். அதை ஏற்றுக்கொள்பவர்களுக்கு மட்டும் நாங்கள் அப்படி அனுப்புகிறோம். எதுவானாலும், பணம் அனுப்பும் முன் கூரியர் உட்பட மொத்தம் எவ்வளவு என்று ஒரே எண்ணாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்பவரிடம்தான் வாங்குகிறோமா என்பது வேறொரு கேள்வி. நான் நாள்தோறும் நடந்துபோகும் பாரிமுனைத் தெருக்களில், கோவிந்தப்ப நாயக்கன் தெருவையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் சேர்த்து, மணியும் கல்லும் வளையலும் தோடும் டஜன் கணக்கில் மொத்த விலைக்குக் கிடைக்கின்றன. அங்கே வாங்கி, அழகாகப் படம் எடுத்து, கையால் செய்தது என்று எழுதி இருமடங்கு விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கி விற்பது குற்றமன்று. ஊரே அதில்தான் பிழைக்கிறது. வாங்கியதைச் செய்ததாகச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்காதது.

இதைக் கண்டுபிடிக்க, படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்ப்பது ஒரு வழி. அதே படம் ஐந்து கடைகளில் தென்பட்டால் முடிவு தெரிந்துவிடும். என்னுடைய வழி வேறு. நான் ஒரு சிறு மாற்றம் கேட்பேன். "இந்தத் தோட்டில் தொங்கும் மணியை மட்டும் எடுத்துவிட்டுத் தர முடியுமா?" "கைப்பிடியை இரண்டு அங்குலம் கூட்ட முடியுமா?" செய்பவர் என்றால் முடியும் என்றோ, முடியாது, ஏனென்றால் இன்னது என்றோ சொல்வார். முடியாது என்பதற்கு அவர் சொல்லும் காரணத்திலேயே தொழில் தெரிந்துவிடும். ஒரு முறை சுடுமண் நகை செய்யும் ஒரு பெண்ணிடம் ஜிமிக்கியின் விளிம்பை இன்னும் மெல்லியதாகச் செய்ய முடியுமா என்று கேட்டேன். "சுடும்போதே வெடிச்சிடும்க்கா, அதுக்கும் கீழே போவ முடியாது" என்று பதில் வந்தது. அங்கேயே வாங்கினேன். வாங்கி விற்பவர் என்றால், "இருப்பதுதான்" என்றோ, கேட்டுச் சொல்கிறேன் என்றோதான் வரும்.

சுடுமண் என்று சொல்லி விற்பதில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: சூளையில் சுட்டதா, காற்றில் காயவைத்ததா? சுட்ட மண் நீரில் கரையாது. இரண்டு துண்டுகளை மெதுவாகத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். சுடாத மண்ணின் ஒலி மந்தமாக இருக்கும், வியர்வைபட்டால் நிறமும் வடிவும் போகும். இரண்டுமே கீழே விழுந்தால் உடையும். அதற்காக விற்பவரைக் கடிந்துகொள்ளக் கூடாது.

துணியிலும் பாயிலும் பெட்டியிலும் பெயரை வைத்து ஏமாற்றுவது நடக்கிறது. கைத்தறி என்று சொன்னால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும், பட்டு என்றால் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பத்தமடைப் பாய், செட்டிநாட்டுக் கொட்டான், பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி போன்றவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பதிவகம் நம் கிண்டியில்தான் இயங்குகிறது. குறியீடு அந்த ஊருக்கும் அந்த முறைக்கும் உரியது என்பதால், வேறெங்கோ செய்த ஓலைப் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைச் செட்டிநாட்டுக் கொட்டான் என்று விற்கக் கூடாது. முத்திரை இல்லாததாலேயே ஒருவர் பொய்யர் ஆகிவிட மாட்டார். முத்திரை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் படம் கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். இதேபோல, ஜி.எஸ்.டி. எண் இல்லை என்பதை வைத்தும் சிறு விற்பனையாளரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாக அந்தப் பதிவு கட்டாயம். ஆண்டுக்கு 40 லட்ச ரூபாய்க்குக் கூடை பின்ன எங்கள் தெரு முழுவதும் உட்கார்ந்தாலும் முடியாது.

உடம்பில் பூசுவதும் வாயில் போடுவதும் வேறு கணக்கு. அங்கே இரக்கம் காட்ட வேண்டாம். வடகம், பொடி, ஊறுகாய் விற்பவரிடம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண் கேளுங்கள். வீட்டில் செய்பவரும் எளிதாகப் பதிவு செய்துகொள்ளக்கூடியதுதான் அது. சோப்பு முதலான அழகுப் பொருள்களைச் செய்து விற்பதற்கு உரிமம் தேவை. "காரம் சேர்க்காத சோப்பு" என்ற விளம்பரத்தைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். எண்ணெயும் சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரமும் வினைபுரிந்துதான் சோப்பு உண்டாகிறது. முறையாகச் செய்து ஆறவைத்ததில் காரம் மிச்சம் இருக்காது என்பது சரி, சேர்க்கவே இல்லை என்பது சரியன்று. அல்லது எங்கிருந்தோ வாங்கிய சோப்புக் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். குளிர்முறையில் செய்த சோப்பு ஈரம் வற்றி இறுக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். என்றைக்கு ஊற்றியது என்று தேதி கேட்டால், நல்ல சோப்புக்காரர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

இனி நாள் கணக்கு. எந்தத் தேதியில் கையில் வேண்டும், எதற்காக வேண்டும் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். "சீக்கிரம் அனுப்புங்கள்" என்பதற்கு வீட்டில் செய்பவரிடம் எந்தப் பொருளும் இல்லை. "14ஆம் தேதி வளைகாப்பு, 11ஆம் தேதிக்குள் வேண்டும், முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்பதற்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மண், சாயம், வார்னிஷ் சம்பந்தப்பட்ட எதையும் அவசரமாகக் கேட்காதீர்கள், மழைக் காற்றில் எதுவும் காயாது. கொலு பொம்மைக்கு ஆடி மாதமே சொல்லிவிடுவது நல்லது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலளவுத் தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் வேலை செய்யவில்லை. அண்ணியின் கையில் அப்போது பாதி பின்னிய கூடை ஒன்று இருந்தது. ஒரு வாடிக்கையாளர் தம் மகள் படிக்கும் கல்லூரியின் நிறங்கள் என்று சொல்லிக் கேட்ட ஊதாவும் கிளிப்பச்சையும். நான்கு நாள் கழித்து இணைப்பு வந்ததும் பதினெட்டுச் செய்திகள். கடைசியில், பணத்தைத் திருப்பித் தாருங்கள், இல்லையென்றால் எல்லாக் குழுக்களிலும் எழுதுவேன் என்று இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்த நிறச் சேர்க்கையை வேறு எவரும் கேட்கவில்லை. முடித்த கூடையில் இன்றுவரை எங்கள் வீட்டு வெங்காயம் இருக்கிறது. தனியாகச் சொல்லிச் செய்யும் பொருளுக்குப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டு, அதைத் திருப்பித் தர இயலாது என்று சிறு விற்பனையாளர்கள் சொன்னால், அதை அடாவடி என்று எண்ணாதீர்கள். அதே நேரம், முழுப் பணமும் முன்னதாக வேண்டும், நாள் சொல்ல முடியாது, ரத்தும் இல்லை என்று மூன்றையும் சேர்த்துச் சொல்பவரிடம் நானும் வாங்க மாட்டேன்.

பணம் அனுப்பும்போது செய்ய வேண்டியவை சிலவே. ஒருவரிடம் முதல் முறை வாங்கும்போது சிறிய பொருளாக ஒன்று வாங்கிப் பாருங்கள். யு.பி.ஐ.யில் அனுப்பும் முன் திரையில் தோன்றும் பெயரைப் படித்து, விற்பவர் சொன்ன பெயரோடு ஒப்பிடுங்கள். கணவர் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருப்பது நம் வீடுகளில் வழக்கம்தான், ஆனால் கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும். "உங்கள் பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இந்த க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண் போடுங்கள்" என்று எவர் சொன்னாலும் அது திருட்டு. பணம் நம் கணக்குக்கு வருவதற்கு ரகசிய எண் ஒருநாளும் தேவைப்படாது. அப்படிப் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்புக் குறையும்.

பொதி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுக்கச் சொல்கிறார்களே, அது நம்மைச் சந்தேகிப்பது ஆகாதா என்று என் சித்தி கேட்டார். ஆகாது. உடைந்த பொருளுக்குக் கூரியர் கடையில் முறையிட விற்பவருக்கு அது ஒன்றுதான் சான்று. முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, நான்கு பக்கமும் காட்டி, நிறுத்தாமல் பொருள் வெளியே வரும்வரை எடுக்க வேண்டும். ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, கேட்டது ஒன்று அனுப்பியது ஒன்று என்பது கண்கூடாகத் தெரியும்போதும் மறுப்பது முறையன்று. இணையவழி வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, இணையச் சந்தைத் தளங்கள் வழியாக விற்பவர், பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது. தொழிலாக அல்லாமல் எப்போதாவது தனிப்பட்ட முறையில் விற்பவர்களுக்கு அந்த விதிகள் பொருந்தா என்பதையும், இன்ஸ்டாகிராம் பேச்சில் முடிந்த விற்பனைக்குச் சந்தைத் தளம் எதுவும் நடுவில் நின்று பணத்தைப் பிடித்துவைக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் பேசியும் பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். எங்களைப் போன்றவர்களுக்குச் சென்னை வடக்கு ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளென்றால் கட்டணமும் கிடையாது. 600 ரூபாய்க் கூடைக்காக அங்கே போகச் சொல்வது என் நோக்கமன்று. பேசும்போது குரலை உயர்த்தத் தேவையில்லாத ஒரு தெம்பு அதில் இருக்கிறது.

என் வளையலுக்கு என்ன ஆயிற்று என்றால், நான் அந்தப் பெண்ணுக்கு எழுதினேன்: அளவைத் தவறாகச் சொன்னது நான்தான், மாற்றித் தர வேண்டியதில்லை, 2.6-இல் இன்னொரு எட்டு வேண்டும். அவர் நூலுக்கும் கல்லுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டு, அடிவளையலை என்னிடமிருந்து திரும்பக் கேட்டார். பிரித்து வேறு யாருக்காவது சுற்றிக்கொள்வாராம். இந்த முறை எண்ணை நம்பாமல், கையில் சரியாக ஏறும் ஒரு கண்ணாடி வளையலையே தாளில் வைத்து உள்வட்டத்தைப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையும் ஸ்கேலையும் வைத்துப் படம் அனுப்பினேன். "அளவு வளையல் அனுப்பிட்டீங்க" என்று சிரிப்புப் படத்தோடு பதில் வந்தது.

நேற்று அண்ணிக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு புதிய வாடிக்கையாளரின் செய்தி. வணக்கத்துக்குப் பிறகு ஒரே ஒரு படம்: சமையலறைத் தரையில் நான்கடுக்கு கேரியர், அதன் பக்கத்தில் தண்ணீர் பாட்டில், இரண்டுக்கும் முன்னால் தையல் டேப்பை நீட்டிப் போட்டிருந்தார். கீழே, "இவை இரண்டும் ஆடாமல் நிற்க வேண்டும். பேருந்தில் மடியில் வைத்துக்கொள்வேன். அரக்கும் சந்தனமும். அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள் போதும்." அண்ணி என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல், அரக்குக் கட்டை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, அடிக்கு எத்தனை ஒயர் என்று எண்ணத் தொடங்கிவிட்டார்.